கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் ஒரே அளவு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் முதலாண்டுத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரைகலை மாணவரின் கற்பனைக்குத் தீனி போடுவது கைப்பேசித் திரையா, கண்காட்சியும் அச்சுமா என்பது தலைப்பு. கண்காட்சியும் அச்சுமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று குண்டுகளைப் போட்டுவிட்டு அமர்ந்தார். உலகமே உள்ளங்கையில் இருக்கும்போது வெயிலில் எழும்பூர் வரை எதற்கு அலைய வேண்டும்? கண்காட்சி என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. அச்சு, மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும் தொழில். கைதட்டல் பலமாக இருந்தது, நானும் தட்டினேன். அவ்வளவு அழகாகப் பேசினார். சொன்னதில்தான் எனக்கு வழக்கு.

எழும்பூர் என்று அவரே ஊரைச் சொல்லிவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளுக்கு நடுவே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. சிவன் பாதியில் 2 கைகள். தேவி பாதியில் ஒரே ஒரு கை. மொத்தம் மூன்று. எங்கள் முதலாண்டுப் பாடத்தில் சமநிலை என்று ஓர் அத்தியாயம் உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் ஒரு வகை, ஒன்றுபோல் இல்லாமலே நிற்க வைத்தால் இன்னொரு வகை என்று வட்டமும் சதுரமும் போட்டு விளக்கியிருப்பார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கலாம். அதற்குமேல் அந்தச் சதுரங்களால் பயனில்லை. இந்தச் சிலையின் முன் நின்றால் பாடம் தானாக நடக்கிறது. இரண்டு கைகளால் கனத்துவிட்ட சிவன் பக்கத்தை, தேவியின் இடுப்பு ஒரு வளைவு வெளியே தள்ளி ஈடுகட்டுகிறது. கைப்பேசியில் இதன் நேர்முகப் படம் கிடைக்கும், மறுக்கவில்லை. அந்தப் படத்தில் இடுப்பு வெறும் கோடு. நேரில் நாலடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். அந்தக் கோட்டுக்கு எடை வந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், இசை விழா ஒன்றுக்கான சுவரொட்டியில் எழுத்தை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் தம்புராவின் குடத்தை மட்டும் வைக்கும் துணிச்சல் எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. இதைக் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட வேலைக்கு அது நல்ல கருவி.

அடுத்தது அளவு. கண்ணாடித் திரைக்குப் பின்னால் போய்விட்டால் தீப்பெட்டி லேபிளும் அண்ணா சாலையில் நின்ற சினிமா பேனரும் ஒரே உயரம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இதே ஊரில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று அவர் வரைந்த ஓவிய வரிசை ஒன்று உண்டு. திரையில் பார்க்கும்போது பழைய கணக்கேட்டுப் பக்கம் என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். ஓவியத்தின் முன் நின்று பார்த்தால், எழுத்து மாதிரியே இருந்தும் படிக்க முடியாத வரிகள், இடையிடையே ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள். முதலில் கண் படிக்கப் பார்க்கிறது. தோற்றுப்போய், பிறகு பரப்பைப் பார்க்கத் தொடங்குகிறது. எழுத்து என்பது பொருளைச் சொல்வதற்கு முன்பே ஒரு சாம்பல் நிறப் பரப்பு என்று வகுப்பில் எங்கள் ஆசிரியர் தொண்டை வறளச் சொல்வது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு நீங்கள் இரண்டடி முன்னே போக வேண்டும், நாலடி பின்னே வர வேண்டும். விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. பெரிதாக்கும்போது மீதி ஓவியம் காணாமல் போய்விடுகிறது.

அச்சுக்கு வருகிறேன். 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அங்கே இருக்கின்றன. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான தாள் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை சுழற்றிக்கொண்டு நிற்கும். இன்று ஓர் இடத்தில் கொம்பு, அடுத்த இடத்தில் எழுத்து என்று இரண்டு இடம் பிடிப்பதை, அன்று ஒரே ஈய எழுத்தில் முடித்திருக்கிறார்கள். நெருக்கடியான தலைப்பில் இடத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்று யோசிக்கும் எவருக்கும் அது விருந்து. ஈய எழுத்தில் அச்சிட்ட தாளின் பின்புறத்தை விரல் நுனியால் தடவினால், அழுத்திய தடம் மெல்லத் தட்டுப்படும். எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். அதையே வருடியில், அதாவது ஸ்கேனரில், ஏற்றித் திரையில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் துடைத்த மாதிரி இருக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்ற தடயம் முழுவதும் போய்விடுகிறது. எங்களுக்கு வேண்டியதே அந்தத் தடயம்தான், நடுவர் அவர்களே.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் பழைய வார இதழ்கள் கிடைக்கும். கோபுலுவின் கோட்டோவியம் உள்ள ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் தாள் சொரசொரப்பு. சாம்பல் நிறத்தை அச்சில் கொண்டுவர அதைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். மட்டமான தாளில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடும். கோடு தப்பித்துவிடும். நம் பத்திரிகைகளில் கோட்டோவியம் அப்படிக் கொழித்ததற்கு ஓவியர்களின் கை மட்டும் காரணமில்லை, தாளும் காரணம். இந்தச் செய்தி அந்தத் தாளைத் தொட்டவருக்குத்தான் உறைக்கும். திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகம் கறுப்புத் தாளில் கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்களைக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டது. அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால், மை தாளின் மேல் படிந்து கிடப்பது தெரியும்.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கா? அண்ணன் ஆண்டர்சன் தெருப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது. பாரிமுனையில் இறங்கி நடந்தால் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தங்கத் தாள் ஒட்டியது, எழுத்தைப் புடைத்துக் காட்டியது, கோபுர வடிவில் வெட்டியது, கதவுபோல் இரண்டு பக்கமும் திறப்பது என்று மாதிரிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கல்யாணம் யாருக்கு என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டாத தெரு சென்னையில் இருக்கிறதா? எட்டு மணி நேரத்தில் எழுதி, அச்சிட்டு, ஒட்டியும் முடிக்கிறார்களே, அந்தப் பக்க அமைப்பை உட்கார்ந்து படித்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போலந்துச் சுவரொட்டியையும் ஜப்பானியச் சுவரொட்டியையும் எனக்குக் காட்டியது கைப்பேசிதான். விமான டிக்கெட் வாங்கித் தர எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஒரு ஜப்பானியச் சுவரொட்டிக்கு விருப்பம் போட்டவுடன் அது மறுநாள் நாற்பதைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எங்கள் வகுப்புச் சுவரில் இந்தப் பருவத்தில் தொங்கிய வேலைகளைப் பாருங்கள். பாதிக்குமேல் அதே ஊதாவிலிருந்து ஆரஞ்சுக்கு வழியும் நிறம், அதே தடித்த எழுத்து. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. எல்லாருக்கும் ஒரே பந்தியில் பரிமாறியிருக்கிறார்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் ஓர் அறையில் நான் தேடிப்போன ஓவியம் இருக்கும். அடுத்த அறையில் நான் கேட்காதது, எனக்குப் பிடிக்காதது இருக்கும். பிடிக்காததன் முன் நின்று ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்த மாலைகளில்தான் எனக்கு உருப்படியான வேலை நடந்திருக்கிறது.

கடைசிக் குண்டு, அச்சு சாகிறது என்பது. இந்தப் பட்டிமன்றத்தின் அழைப்பிதழை வடிவமைத்ததே எதிரணி. திரையில் கிளிப்பச்சை கண்ணைப் பறித்தது, நானே பாராட்டினேன். அச்சாகி வந்தபோது வேப்பிலை வாடிய நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் நான்கு மைகளால் காட்டுகிறது. அந்தக் கிளிப்பச்சை அந்த நான்கு மைகளுக்கு எட்டாது. அச்சகத்து இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று, உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளிகளைப் பார்த்தவர் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கை, வாடிய வேப்பிலைக்கு முதலில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, திரையின் பெருமையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். நன்றி, வணக்கம்.