க்ளூனி கன்னியரின் தாய்: ஆன் மரி ஜவுஹே

[காட்சி: ரொமேன் ரோலண்ட் வீதி, காலை நேரம்]

வணக்கம். புதுச்சேரியில் ரொமேன் ரோலண்ட் வீதி வழியாகப் போயிருக்கிறீர்களா? அங்கே பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் க்ளூனி எம்பிராய்டரி மையம் இருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணியில் பூ வேலை செய்துகொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நம் ஊரில் க்ளூனி என்ற பேர் எங்கும் உண்டு. அது பிரான்சில் உள்ள ஒரு சின்ன ஊரின் பேர். கடல் தாண்டி அதை இங்கே கொண்டுவந்த சபையைத் தொடங்கியவர் ஒரு விவசாயியின் மகள்.

[காட்சி: பர்கண்டி வயல்வெளி, ஓவியம்]

ஆன் மரி ஜவுஹே 1779 நவம்பர் 10 அன்று பிறந்தார். வீட்டில் செல்லப் பேர் நானெத். அவர் சிறுமியாக இருந்தபோது பிரெஞ்சுப் புரட்சி வந்தது. கத்தோலிக்கக் குருக்கள் மறைந்து வாழ வேண்டிய காலம். ராத்திரியில் ரகசியமாகப் பூசை நடக்கும்போது நானெத் வெளியே காவல் நிற்பார். பயந்த பிள்ளை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1807 மே 12 அன்று தன் மூன்று தங்கைகளோடும் வேறு சில தோழிகளோடும் துறவற உடை உடுத்தினார். 1812-ல் க்ளூனியில் மடம் அமைந்தது.

அப்புறம் கப்பல் பயணங்கள். 1819-ல் தங்கை ரோசலி தலைமையில் கன்னியர் செனகலுக்குப் போய் அங்கிருந்த ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்டார்கள். 1822-ல் அன்னையே அங்கே போனார். ஆங்கிலேய ஆளுநர் அழைத்ததால் காம்பியாவிலும் சியரா லியோனின் ஃப்ரீடவுனிலும் நோயாளிகளைப் பார்த்தார். மஞ்சள் காய்ச்சல் அவரையும் விடவில்லை. பிழைத்தெழுந்தார்.

புதுச்சேரிக்கு அவர் அனுப்பிய கன்னியர் வந்து இறங்கியது 1827-ல்.

[காட்சி: வரைபடம், தென் அமெரிக்கா, பிரெஞ்சு கயானா]

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக நெருக்கமான பகுதி. 1828-ல் அன்னை பிரெஞ்சு கயானாவின் மானா என்ற இடத்துக்குப் போனார். அந்த நாட்டில் தொழுநோயாளிகளைக் கடலுக்கு நடுவே இருந்த தீவுகளில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நம் பக்கத்திலும் அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே தள்ளித்தான் வைத்தார்கள். அங்கே ஊருக்கும் அவர்களுக்கும் இடையில் கடலே இருந்தது.

அன்னை அரசோடு பேசி, 1833-ல் அவர்களை மானாவுக்குப் பக்கத்தில் அக்கரூவனி என்ற ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வைத்தார். கன்னியர் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள்.

அப்போது மருந்தே கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873-ல். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து வந்தது 1940களில். அதனால் அந்த ஆற்றங்கரையில் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்: புண்ணைக் கழுவிக் கட்டுவது, சோறு, தங்க இடம், பக்கத்தில் ஒரு மனுஷி. குணமாகாது என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து அதே புண்ணைக் கழுவ எவ்வளவு மனசு வேண்டும்!

அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களை விடுதலைக்குத் தயார்செய்யும் பொறுப்பையும் பிரெஞ்சு அரசு அவரிடம் கொடுத்தது. 1838 மே 21 அன்று மானாவில் 185 பேர் விடுதலை பெற்றார்கள். பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன.

[காட்சி: வெறும் தேவாலயம், ஒரு மெழுகுவர்த்தி]

இதற்கெல்லாம் கிடைத்தது பாராட்டு மட்டும் இல்லை. சபையின் தலைமையைத் தன் கையில் வைத்துக்கொள்ள, பிரான்சில் க்ளூனி அடங்கிய ஓத்தான் மறைமாவட்டத்தின் ஆயர் விரும்பினார். அன்னை ஒத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவாகக் கயானாவில் சுமார் 2 ஆண்டுகள் அவருக்குத் திவ்விய நற்கருணை, அதாவது பூசையில் வாங்கும் புனித அப்பம், மறுக்கப்பட்டது. கத்தோலிக்கர்களுக்குத் தெரியும், ஒரு கன்னியருக்கு அதைவிட வலி வேறு இல்லை. பூசைக்குப் போவார், எல்லாரும் நற்கருணை வாங்குவார்கள், அவர் மட்டும் வெறுமனே திரும்புவார். அப்படியும் மானாவை விட்டு ஓடிவிடவில்லை.

1851 ஜூலை 15 அன்று பாரிசில் இறந்தார். 1950 அக்டோபர் 15 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்; புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. அன்று புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

[காட்சி: மீண்டும் எம்பிராய்டரி மையம், தைக்கும் கைகள்]

அன்னை நம் ஊருக்கு வந்ததே இல்லை. ஆனால் அடுத்த முறை அந்த வீதியில் போகும்போது க்ளூனி என்ற பலகையைப் பார்த்தால், அக்கரூவனி ஆற்றங்கரையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.