பிரதான வீதியின் ஒற்றைக் கம்பி: தபாலட்டைகளில் பழைய புறக்கோட்டை

அன்பான நேயர்களுக்கு வணக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. கொழும்புப் புறக்கோட்டையின் வாசலில் இருக்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடியில் நின்றுகொண்டு பேசுகிறேன். வேறெந்த நாளிலும் இந்த இடத்தில் கமராவை நிறுத்தி இரண்டு வசனம் பேச முடியாது. நாட்டாமைமார், அதாவது சுமை தூக்கும் தொழிலாளர்கள், மூட்டை ஏற்றிய கைவண்டியோடு வந்து "வழி, வழி" என்று சத்தமிடும்போது நகர்ந்து கொடுக்கத்தான் வேண்டும், அவர்களுக்கு இது வேலை, எனக்கு இது பொழுது.

கையில் பத்துப் பன்னிரண்டு பழைய படத் தபாலட்டைகளும் சில புகைப்படங்களின் பிரதிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அது எடுக்கப்பட்ட இடத்திலேயே உயர்த்திப் பிடித்து, அதில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று பார்க்கப் போகிறோம். கடந்த காணொளியில் நான் விட்ட ஒரு பிழையையும் இன்று திருத்த வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இந்த இடத்தை "பெட்டா" என்கிறார்கள். அது நமது "பேட்டை" என்ற சொல்தான், வெள்ளைக்காரரின் வாயில் திரிந்து நின்றுவிட்டது. ஆனால் தமிழரான நாம் இதைப் பேட்டை என்று அழைப்பதில்லை. கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் புறக்கோட்டை என்கிறோம், சிங்களத்தில் "பிட்ட கொட்டுவ" என்பதற்கும் அதே பொருள்தான். அந்தக் கோட்டையின் மதில்கள் 1869 முதல் 1871 வரையான காலத்தில் இடித்து அகற்றப்பட்டன. மதில் போய் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும், நாம் இன்னும் மதிலுக்கு வெளியேதான் நிற்கிறோம் என்று எனக்குள் சிரித்துக்கொள்வதுண்டு.

இப்போது திரையில் வரும் முதலாவது அட்டையைப் பாருங்கள். பிரதான வீதி, இருபுறமும் மாடிக் கடைகள், நடுவே தண்டவாளம், ஒரு டிராம் வண்டி, இரண்டு ரிக்‌ஷாக்கள், கூடாரமிட்ட ஒரு மாட்டு வண்டில். இப்படிப்பட்ட அட்டைகள் ஏன் இவ்வளவு எண்ணிக்கையில் கிடைக்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். விடை இந்தத் தெருவில் இல்லை, கடலில் இருக்கிறது. கொழும்பில் முன்பு கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு அலையில் ஆடிக்கொண்டிருந்தன; பெரிய கப்பல்கள் காலியைத்தான் நாடின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார், 1885 இல் அந்தச் சுவர் கட்டி முடிக்கப்பட்டது. சுயஸ் கால்வாய் 1869 இலேயே திறந்திருந்ததால், ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் பயணக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவென்று கொழும்பில் ஒதுங்கத் தொடங்கின. கரி ஏறி முடியும்வரை பயணிகளுக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ கிடைக்கும். ரிக்‌ஷா ஏறிப் புறக்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பும்போது நாலு படம் வாங்கிப் போவார்கள். ஸ்கீன், ஸ்கோவன், 1890 இல் தொடங்கிய பிளேட்டே ஆகிய புகைப்பட நிறுவனங்களின் படங்களை வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் இப்படி வந்தவர்களே. ஆகவே நமது தெருவின் இந்தப் படங்கள் நமக்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த அட்டைகளின் கீழே அச்சிட்டிருக்கும் வாசகத்தை நான் கடைசியாகத்தான் வாசிப்பேன். ஒரே படத்தைப் பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றிருக்கிறார்கள், அதனால் தபால் முத்திரையில் இருக்கும் ஆண்டு படம் எடுத்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. காலத்தைத் தெருவிடமே கேட்க வேண்டும். தண்டவாளம் தெரிகிறதா? அப்படியானால் படம் 1899 க்கு முந்தியதல்ல. அந்த ஆண்டில்தான் பூஸ்டெட் நிறுவனம் கோட்டையிலிருந்து மின்சார டிராமை ஓட்டத் தொடங்கியது, கிராண்ட்பாஸ் போகும் வண்டி இந்த வீதி வழியாகத்தான் போனது. நான் நிற்கும் இந்த மணிக்கூட்டுக் கோபுரம் தெரிகிறதா? பம்பாயிலிருந்து வந்த பார்சிகளான கான் குடும்பத்தார் தம் தந்தையின் நினைவாகக் கட்டிய இதற்கு வயது 1923 இலிருந்து எண்ணப்படும். கோபுரம் இருக்க வேண்டிய கோணத்தில் வெறும் வானம் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது.

இன்னும் நுணுக்கமான ஓர் அடையாளமும் உண்டு. தலைக்கு மேலே செல்லும் மின்கம்பிகளை எண்ணிப் பாருங்கள். டிராம் வண்டிக்கு மேலே ஒரு கம்பி போதும், ஏனென்றால் மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் டிரொலி பஸ்ஸுக்குத் தண்டவாளம் இல்லாததால், போகவும் திரும்பவும் இரண்டு கம்பிகள் வேண்டும். கொழும்பில் டிரொலி பஸ் 1953 இல் வந்து 1964 இல் போய்விட்டது. டிராம் 1960 இல் நின்றது. ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா என்று பார்த்தாலே ஒரு படத்தை எந்தக் காலத்தில் வைப்பது என்று ஓரளவு பிடிபட்டுவிடும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர். அவருக்குப் பழைய படங்களில் துளியும் அக்கறையில்லை. கம்பியைக் கண்டால் மட்டும் கண் விரியும்.

இனி அந்தப் பிழை. கடந்த காணொளியில் ஓர் அட்டையைக் காட்டி, இன்றைய தெருவோடு பொருந்தவே இல்லையே, கட்டடங்களை இடித்துவிட்டார்கள் போலும் என்று மிகுந்த துக்கத்தோடு பேசியிருந்தேன். பார்த்தவர்களில் ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார்: "தம்பி, கடைப் பலகையை வாசியுங்கோ." உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது பலகையில் இருந்த தமிழ் எழுத்துகள் முழுவதும் இடவலம் மாறி நின்றன. கண்ணாடித் தகட்டு நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டுவிட்டார்கள். நானோ அச்சுக்காரரின் கவனக்குறைவை நகரத்தின் அழிவாக நினைத்து அழாத குறையாகப் பேசியிருக்கிறேன். படத்தைத் திருப்பிப் போட்டதும் இரண்டு கட்டடங்களின் மேல்மாடி வளைவுகள் இன்றைக்கும் இருப்பவற்றோடு அச்சொட்டாகப் பொருந்தின. இதோ, எனக்குப் பின்னால் இருக்கும் விளம்பரப் பலகைக்கு மேலே அந்த வளைவின் விளிம்பு தெரிகிறது. அந்த ஐயாவுக்கு நன்றி.

சற்று நடந்துகொண்டே பேசுவோம். அடுத்தது இன்னும் பழைய படம், தண்டவாளம் இல்லை. தெரு ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது. "அந்தக் காலத்துப் புறக்கோட்டை எவ்வளவு அமைதி" என்று இதன் கீழே எழுதுவதற்குக் கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள். அந்நாளைய தகடுகளுக்கு ஒளி பதிய நேரம் வேண்டும். நடந்து போகிறவன் தகட்டில் தங்கமாட்டான், நின்றவன் மட்டுமே தங்குவான். தரையை ஒட்டிப் பாருங்கள், புகை போன்ற கறைகள் தெரிகின்றன அல்லவா? அவை ஆட்கள். வண்டில் மாட்டைப் பாருங்கள், உடல் கொம்பு நுனிவரை தெளிவாக இருக்கிறது, வால் மட்டும் விசிறி போல் கலங்கியிருக்கிறது. ஈ விரட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வால்தான்.

இரண்டாங் குறுக்குத் தெருவுக்கு வந்துவிட்டோம். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் இந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை அறியாதவர் இல்லை. தமிழில் சம்மாங்கோட்டுப் பள்ளி என்கிறோம். 1908 இல் தொடங்கி 1909 இல் முடிந்த இந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை பயின்றவரல்லர் என்றும், தென்னிந்திய வணிகர்கள் கொடுத்த இந்தோ-சரசனிக் கட்டடங்களின் படங்களைப் பார்த்தே வரைந்தார் என்றும் சொல்வார்கள். படத்தைப் பார்த்துக் கட்டிய பள்ளி, இன்று கொழும்பிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்படும் கட்டடங்களில் ஒன்றாக இருக்கிறது. பிரதான வீதியின் மறுமுனையில் இருக்கும் பழைய நகர மண்டபம் 1873 இல் கட்டப்பட்டது, மாநகர சபை 1928 இல் இப்போதைய வெள்ளை மண்டபத்துக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தது. அதைப் பற்றித் தனியாகப் பேசியிருக்கிறேன், இன்று கடந்து போகிறோம்.

நான் நிற்க விரும்பும் இடம் செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் கடல் தெரு, சிங்களத்தில் ஹெட்டி வீதிய. ஆங்கிலப் பெயரை வைத்தவர் கடலைப் பார்த்திருக்கிறார், நமது பெயரை வைத்தவர் ஆட்களைப் பார்த்திருக்கிறார். இன்று இங்கிருந்து கடலைப் பார்க்க முடியாது, துறைமுகச் சுவரும் களஞ்சியங்களும் மறைக்கின்றன. நகைக்கடைகளின் இரும்புக் கதவுகள் மூடியிருக்கின்றன, கதிரேசன் கோயிலில் காலைப் பூசைக்கு மணி அடிக்கிறார்கள், உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்கிறேன்.

இந்த அட்டையில் இருப்பவர் ஒரு நாட்டுக்கோட்டைச் செட்டியார். பாய் விரித்து, முன்னால் சாய்வான மூடியிட்ட கணக்குப் பெட்டியை வைத்து, வெற்றுடம்போடு நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறுமாக அமர்ந்திருக்கிறார். கீழே ஆங்கிலத்தில் "செட்டி, கொழும்பு" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. இப்படியே "மூர் வணிகன்", "தமிழ்ப் பெண்", "ரிக்‌ஷாக் கூலி" என்று தொடர் தொடராக விற்றார்கள். ஆங்கில வங்கிகளில் கடன் வாங்கி, அந்த வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத உள்ளூர் வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்து, அரிசி, துணி இறக்குமதிக்குப் பணம் புரட்டிய ஒரு சமூகத்தின் ஆள் இவர். இவரிடம் கேட்டிருந்தால் பெயர், ஊர், கோயில் பிரிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. வாங்கப் போகிறவருக்கு அது தேவைப்படவில்லை.

விற்பனைக்கு எடுத்தவற்றில் வராத விடயங்களும் இருக்கின்றன. 1929 இல் டிராம் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கொழும்பையே உலுக்கினார்கள். நான் பார்த்த தபாலட்டைகளில் டிராம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆடி வேல் விழாவில் வெள்ளித் தேர் இந்தத் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை போகும் படங்கள் கிடைக்கின்றன, ஏனென்றால் தேர் அழகாக இருக்கும். தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டவர்கள், வடம் பிடித்தவர்களின் முகங்கள், கடை மாடியில் குடியிருந்த குடும்பங்களின் கல்யாணம், காதுகுத்து, இவையெல்லாம் வீட்டு அல்பங்களில்தான் இருந்திருக்கும். இருந்தவற்றில் எவ்வளவோ 1983 ஜூலையில் கடைகளோடும் வீடுகளோடும் எரிந்துபோயின. தப்பியோடும்போது உறுதிப் பத்திரத்தையும் நகையையும் எடுப்பார்களே தவிர அல்பத்தை எடுக்கமாட்டார்கள். எங்கள் அம்மம்மாவின் கல்யாணப் படம் இன்று எங்களிடம் இருக்கிறதென்றால், யாழ்ப்பாணத்தில் இருந்த சித்தப்பாவுக்கு ஒரு பிரதி முன்பே தபாலில் போயிருந்த ஒரே காரணத்தால்தான்.

அதனால்தான் தபாலட்டைகளின் நடுப்பகுதியை விட ஓரங்களை நான் அதிகம் பார்க்கிறேன். கடைசியாக ஒன்றைக் காட்டுகிறேன். படம் எடுத்தவர் கட்டடத்தை எடுக்கத்தான் முக்காலியை நிறுத்தியிருக்கிறார். ஆனால் இடது ஓரத்தில், கடைத் திண்ணையில், பத்து வயதுப் பையன் ஒருவன் கையில் ஒரு தூக்குச் சட்டியோடு கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறான். தெருவில் எல்லோரும் கலங்கிப் போயிருக்க, அவன் மட்டும் சட்டைப் பொத்தான்வரை தெளிவாக இருக்கிறான். யாருக்கோ சாப்பாடு கொண்டு போனவன் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான் போலும். தண்டவாளம் இருக்கிறது, ஒற்றைக் கம்பி, மணிக்கூட்டுக் கோபுரம் இல்லை. எனவே 1899 க்கும் 1923 க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு பகற்பொழுது.

உங்கள் வீட்டில் இந்தப் பகுதியின் படங்கள் இருந்தால் அனுப்புங்கள். பசை தடவிய தாளில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்ட அல்பமாக இருந்தால் தயவுசெய்து படத்தை உரித்தெடுக்காதீர்கள், முகத்தோடு கிழிந்து வரும். அல்பத்தை யன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் எடுத்தாலே போதும். ஒட்டாத தனிப் படமாக இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய எண்ணும் அங்கேதான் இருக்கும். இராமபாணப் பூச்சி அரித்த படங்களையும் அனுப்பலாம், ஓரம் மிஞ்சியிருந்தாலே எனக்குப் போதும்.

கடை திறக்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், நான் நிற்பது ஒருவருடைய படிக்கட்டு. அடுத்த ஞாயிறு கொச்சிக்கடையில், பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்துக்கு முன்னால் சந்திப்போம்.