'வெளியே' என்ற ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நகல் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, மனு தட்டச்சு செய்வது, இவைதான் அங்கே வேலை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே கூட்டம் வந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் அடைப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருக்கும். சொல்லச் சொல்ல நான் அடித்துக் கொடுப்பேன்.

போன வருஷம் அப்படி ஒரு திங்கட்கிழமை, கொத்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பென்டிரைவோடு வந்தார். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மனுவின் நகல் அதில் இருக்கிறது, அதையே தேதி மாற்றிக் கொடும்மா என்றார். திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக்குப்பை. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. பழைய ஆட்களுக்குத் தெரியும். பாமினியில் 'அம்மா' என்று வரவேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடிக்க வேண்டும். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் அது அம்மா. இல்லாவிட்டால் வெறும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

இதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்று உண்டு. பழைய கோப்பைக் கொடுத்தால் இன்றைக்கு எல்லாக் கணினியிலும் போனிலும் தெரிகிற யூனிகோடு எழுத்தாக மாற்றித் தரும். மாற்றினேன். கிட்டத்தட்ட எல்லாம் சரியாக வந்தது. ஆனால் 'தண்ணீர் வெளியே போக வழியில்லை' என்ற வரியில் 'வெளியே' மட்டும் உடைந்திருந்தது. 'வெள்ளம்' உடைந்திருந்தது. 'தெளிவு' உடைந்திருந்தது. கையால் திருத்திக் கொடுத்து அனுப்பினேன். அந்த மூன்று சொற்கள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். மூன்று வருஷம் லேப் இருந்தது. ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் புரோகிராமை எழுதி, இடது பக்கம் பென்சிலால் அவுட்புட் வரைந்து, கையெழுத்து வாங்குவோம். அறுபது நோட்டுகளுக்கும் ஒரே மதியத்தில் சிவப்பு மையில் கையெழுத்து விழும். நான் எழுதிய ஒரு வரியையாவது யாரும் படித்து, இதை ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டதில்லை. அந்த நேரத்தில் அது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செப்டம்பரில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் ஐம்பது நோட்டீஸ் பிரிண்ட் எடுக்க வந்தார். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை மென்பொருள் விடுதலை நாளாகப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அதற்கான நோட்டீஸ் அது. பிரிண்ட் ஆகிற நேரத்தில் படித்தேன். கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்று நான்கு உரிமைகள் அதில் போட்டிருந்தது. "இந்த எழுத்துரு மாற்றியும் அப்படியா?" என்று கேட்டேன். அவர் என் கணினியிலேயே அதன் மூல நிரல், அதாவது அதை எழுதியவர்கள் எழுதிய வரிகள், இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினார். நான் தினமும் பயன்படுத்தும் ஒரு பொருளின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த அதே பைத்தான்.

இந்த இயக்கம் பிறந்த கதையைப் பிறகு படித்தபோது ஜெராக்ஸ் கடைக்காரியாக எனக்குத் தனி சந்தோஷம். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டர் அடிக்கடி பேப்பர் சிக்கி நின்றுவிடும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர், சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்த நினைத்தார். மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. வைத்திருந்தவரிடம் நேரில் கேட்டும் தர மறுத்துவிட்டார். அந்த வேகத்தில்தான் 1983இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட லினக்ஸ் என்ற இயங்குதளக் கரு அதோடு சேர்ந்தது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. பேப்பர் சிக்கினால் எவ்வளவு கோபம் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள் என்று அந்த நோட்டீஸ் மாணவர் சொன்னார். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர் ஊராகக் கடக்கும்போது, ஆங்கிலத்தில் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் கவலை. உள்ளே போனதும் ஒரு அண்ணன், "வாம்மா, எந்த ஊரு? டீ சாப்பிட்டியா?" என்றார். கூட்டம் முழுக்கத் தமிழில்தான் நடந்தது. இருபது பேரில் பெண்கள் நாங்கள் மூன்று பேர். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அடுத்த கூட்டத்துக்கு என் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதும் எண்ணிக்கை போதாது.

என்னிடம் இருந்தது அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி. திறக்க ஐந்து நிமிஷம் எடுக்கும். இரண்டாவது கூட்டத்தில் அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார்கள். நிறுவும்போது அந்த அண்ணன் காட்டினார்: அந்தக் கணினி வந்த நாளிலிருந்தே பாஸ் லினக்ஸ் அதில் இருந்திருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. தொடக்கத் திரையில் இரண்டாவது வரியாக இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதே இல்லை.

அப்புறம் கிட் கற்றுக்கொண்டேன். பல பேர் ஒரே நிரலில் வேலை செய்யும்போது யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கருவி அது. 2005இல் அதையும் லினஸ்தான் எழுதினார். கட்டற்ற மென்பொருள் பற்றிய இணைய இதழான கணியத்தில் 2012 முதல் வந்த தமிழ்க் கட்டுரைகள் எனக்குக் கைகொடுத்தன. கடையில் மதியம் ஆள் குறைந்த நேரத்தில் அவற்றைப் படிப்பேன்.

இனி அந்த மூன்று சொற்கள். நேயர்கள் ஒரு தாளை எடுத்து 'கௌ' என்று எழுதிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, க, அதற்குப் பிறகு ள போல ஒரு குறி. 'கெள' என்று எழுதினாலும் கண்ணுக்கு அதேதான். பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசைகள். கணினிக்கு இது ஔகாரமா, எகரமும் ளகரமுமா என்று தெரியாது. மாற்றி எழுதியவர் எல்லாவற்றையும் ஔகாரமாக வைத்துவிட்டார். அதனால் 'வெளியே' வந்தால் முன்பகுதி 'வௌ' என்று ஒட்டிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இகரக் குறி, பிடித்துக்கொள்ள எழுத்தில்லாமல் தனியே தொங்குகிறது.

இதைப் பிழையறிக்கையாக எழுதி அனுப்பு என்று கூட்டத்தில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில் தமிழிலேயே எழுதினேன். மறுநாள் இரவு பதில் வந்தது, தமிழில். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவர் என்று பிற்பாடு தெரிந்தது. "நல்ல கண்டுபிடிப்பு. நீங்களே திருத்தி அனுப்பிப் பாருங்களேன், நான் கூட இருக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

பத்து நாள் ஆயிற்று. அந்த ள-வுக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ வந்தால் அது ஔகாரம் இல்லை என்று ஒரு விதி எழுதினேன். மூன்று சொற்களும் சரியாகிவிட்டன. அனுப்பினேன். திரும்பி வந்தது. பதினான்காம் வரிக்குப் பக்கத்தில் அவர் கேட்டிருந்தார்: "மூன்று சொல்லும் சரி. 'வெளீர்' என்ன ஆகும்?"

அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'வெளீர்' உடைந்துதான் போகும், ஈகாரத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் அதைவிட, நான் எழுதிய பதினான்காம் வரியை ஒருவர் படித்திருக்கிறார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, காசு வாங்காமல், முகம் தெரியாத ஒரு பெண் எழுதியதை வரி வரியாகப் படித்து, எந்தச் சொல்லில் அது உடையும் என்று தேடிப் பார்த்திருக்கிறார்.

ள-வுக்குப் பின்னால் புள்ளியோ, எந்த உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், ஒன்றும் வராவிட்டால் ஔகாரம் என்று விதியை மாற்றினேன். 'கௌரவம்', 'மௌனம்' எல்லாம் சரியாக நின்றன. மறுபடி அனுப்பினேன். மறுபடி திரும்பியது. இந்த முறை டெஸ்ட் எங்கே என்று கேட்டார். நாளைக்கு யாராவது இந்த விதியைக் கலைத்தால் உடனே கணினி சொல்ல வேண்டும், அதற்கு எடுத்துக்காட்டுச் சொற்களைச் சேர்த்து வையுங்கள் என்றார். வெளியே, வெள்ளம், தெளிவு, வெளீர், கௌரவம், மௌனம், வௌவால் என்று பட்டியல் போட்டேன்.

அந்தச் சொற்களைச் சோதிக்கும்போது இன்னொன்றும் தென்பட்டது. மாற்றிய மனுவில் 'கொத்தட்டை' என்று தேடினால் கிடைக்கவில்லை, திரையில் கண்முன்னே இருக்கிறது! 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே எண்ணாக இருக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்புக்கு ஓர் எண், துணைக்காலுக்கு ஓர் எண் என்று இரண்டாக இருக்கலாம். பார்க்க ஒன்றுதான், தேடினால் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கப் பன்னிரண்டு வரி எழுதிக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். அந்த அண்ணன் பார்த்துவிட்டு, "பிரான்சுவா மர்த்தேன் வீதி போர்டைப் பார்த்திருக்கியா?" என்றார். பிரெஞ்சில் அந்தப் பெயரை எழுதும்போது சி எழுத்துக்கு அடியில் ஒரு வால் வரும். அதையும் வாலோடு ஓர் எண்ணாகவோ, எழுத்து தனி, வால் தனியாகவோ சேமிக்கலாம். "அப்போ பிரெஞ்சுக்காரங்களுக்கும் இதே பிரச்சினை வந்திருக்குமே, என்ன செஞ்சிருப்பாங்க? தேடு" என்று விட்டுவிட்டார். தேடினேன். இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒன்றாக்க, எல்லா மொழிக்கும் சேர்த்து யூனிகோடே ஒரு சீராக்க முறை வைத்திருக்கிறது. பைத்தானில் அதற்கு ஒரே வரி போதும். என் பன்னிரண்டு வரியையும் நானே சந்தோஷமாக அழித்தேன்.

இரண்டு திருத்தங்களும் சேர்க்கப்பட்ட அன்று அம்மாவிடம் காட்டினேன். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயரைத் தடவிப் பார்த்தார்.

எல்லா இடமும் இப்படி இல்லை. இன்னொரு திட்டத்துக்கு நான் அனுப்பிய திருத்தம் ஐந்து மாதமாக அப்படியே கிடக்கிறது. ஒரு குழுவில், இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தாய் என்ற மாதிரி பதில் வந்தது. அன்றைக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் பராமரிப்பவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். அக்டோபர் மாதம் இத்தனை திருத்தம் அனுப்பினால் பரிசு என்று ஒரு நிகழ்வு உண்டு. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். 2020இல் டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் ஒன்றுக்கும் உதவாத ஒற்றை வரி மாற்றங்களைக் கொட்டினார்கள். அத்தனையையும் திறந்து படித்து மூடியது சம்பளமில்லாத மனிதர்கள். தயவுசெய்து எண்ணிக்கைக்காக அனுப்பாதீர்கள்.

படிப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச் மாதம் சாட்சி. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி, உலகம் முழுக்க லினக்ஸில் இருப்பது. அதைப் பல வருஷமாகத் தனி ஒருவர் பராமரித்து ஓய்ந்து போயிருந்தார். உதவ வந்தவர் போல நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் கள்ளக்கதவு வைத்துவிட்டார். ஆந்திரேஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்ததால் அது பிடிபட்டது. அரை நொடி! நாம் கவனிப்போமா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, சந்தோஷம். நமக்குப் பக்கத்திலேயே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, போங்கள்.

என் விதி இன்னும் முழுதாகவில்லை. போன வாரம் வட்டார வழக்கில் எழுதிய பழைய கதை ஒன்றை மாற்றக் கொண்டுவந்தார்கள். அதில் 'வெளக்கு' என்று இருந்தது. விளக்கைத்தான் நம் பக்கத்தில் அப்படிச் சொல்வோமே. ள-வுக்குப் பின்னால் எந்தக் குறியும் இல்லை, ஆகவே என் விதி அதை ஔகாரமாக்கி 'வௌக்கு' என்று மாற்றிவிட்டது. 'வெளஞ்ச நெல்லு', 'வெளக்கமாறு' எல்லாம் அப்படித்தான் உடைகின்றன. இதற்கு விதி போதாது, சொற்பட்டியல் வேண்டும். உங்கள் வீட்டுப் பேச்சில் இப்படி வேறு சொற்கள் இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மஞ்சக்குப்பம் பக்கம் மனு கொடுக்க வரும்போது கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கம்.