வீட்டிலேயே நெகட்டிவ் ஸ்கேன் செய்ய

நேயர்களுக்கு வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பீரோ மேலும் டிரங்குப் பெட்டியிலும் நெகட்டிவ்கள் எத்தனையோ கிடக்கின்றன. 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் மறுபடி பிரதிஷ்டை ஆன சமயத்துப் படங்கள்கூட அவற்றில் இருக்கலாம். பிரிண்ட் வெளுத்துப்போனாலும், நன்றாக இருக்கும் நெகட்டிவிலிருந்து படத்தை மீட்டுவிடலாம்.

ஸ்கேனர் வாங்கும் முன் நெகட்டிவின் அளவைப் பாருங்கள். இரு ஓரமும் துளையிட்டது 35 மி.மீ. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த துளையில்லாத அகலப் பிலிம் பெரும்பாலும் 120 என்ற வகை. பிளஸ்டெக் 8100, 8200i போன்ற பிலிம் ஸ்கேனர்களில் 35 மி.மீ. மட்டும்தான் போகும். 120 இருந்தால் எப்சன் வி600 போல, மூடியில் விளக்குள்ள தட்டை ஸ்கேனர் வேண்டும்.

பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த எண்ணைப் போட்ட தட்டை ஸ்கேனர்கள் பல, உண்மையில் 1500 முதல் 2300 வரைதான் விவரம் பிடிக்கும். 1500 டிபிஐயில் 35 மி.மீ. படத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய 2100 புள்ளிகள் கிடைக்கும். ஏழு அங்குலப் பிரிண்டுக்கு அது போதும். அதே 1500இல் 6×6 செ.மீ. நெகட்டிவ் 3300 புள்ளி தரும், பதினோரு அங்குலம் வரை போகலாம். ஆகவே வெறும் 35 மி.மீ. வைத்திருப்பவர் பிலிம் ஸ்கேனர் வாங்குவதே நல்லது.

கலர் நெகட்டிவுக்கு அகச்சிவப்பு வசதி இருந்தால் வேலை பாதியாகும். கலர் பிலிமின் சாயம் அகச்சிவப்பு ஒளியை உள்ளே விடும், தூசி மறைக்கும். தூசி எங்கே என்று தெரிந்துகொண்டு மென்பொருள் அதை அழித்துவிடும். 8200i கருவியில் இது உண்டு, 8100இல் கிடையாது. வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிலிமில் மட்டும் இதை அணைத்தே வையுங்கள். அங்கே படமே வெள்ளித் துகள், அதுவும் அகச்சிவப்பை மறைக்கும். தூசியோடு சேர்த்து முகத்தையும் தின்றுவிடும்.

தூசிதான் பெரிய எதிரி. தரையை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். கத்திரி வெயிலில் அது நடக்காது, விடியற்காலைதான் தோது. ரப்பர் புளோயரால் இரண்டு பக்கமும் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவவே கூடாது, பூஞ்சை தின்ற ஜெலட்டின் கரைந்து படமே போய்விடும். சுருண்ட பிலிமை உறையோடு கனத்த புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வையுங்கள். வளைந்தபடி வைத்தால் ஓரம் மங்கும். கண்ணாடியில் ஒட்டினால் வானவில் வளையங்கள் விழும்.

பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்க, ஓரத்து எழுத்து நேராகத் தெரிந்தால் படமும் நேர். ஸ்கேனரில் எந்தப் பக்கம் கீழே என்பது கருவியைப் பொறுத்தது. படத்தில் வரும் கடைப் பலகையைப் படித்துப் பாருங்கள், எழுத்து இடம்வலமாக மாறி இருந்தால் பிலிமைத் திருப்புங்கள்.

பிரிவியூவில் படத்துக்குள் மட்டும் கட்டம் போடுங்கள். துளையும் ஓரமும் உள்ளே வந்தால் கருவி கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைத் தப்பாகக் கணக்கிடும், முகமெல்லாம் நீலமடிக்கும். ஷார்ப்பனிங் வேண்டாம், அதைப் பிறகு செய்துகொள்ளலாம். பிலிம் ஸ்கேனரில் 3200 டிபிஐ, 48 பிட் நிறம், டிஃப் (TIFF) கோப்பு என்று வைத்தால் ஒரு படம் சுமார் 80 எம்பி, 36 படச் சுருளுக்கு 3 ஜிபி ஆகும். தட்டை ஸ்கேனரில் 2400க்கு மேல் போனால் இடம்தான் வீண்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்தப் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது. அதை முதலில் ஸ்கேன் செய்து, மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். அந்த அமில ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். ஸ்கேன் முடிந்தாலும் நெகட்டிவ் எதையும் எறியாதீர்கள். பிவிசி உறையை விட்டு பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் மட்டும் வேண்டாம்.