தயக்கம் என்ற சொல்லை எங்கே வைப்பது?

வணக்கம். தயக்கம் என்ற சொல்லை நாம் அதிகம் எடுப்பதே எதிர்மறையில்தான். கடைக்காரர் "விலை பிடிக்கலைன்னா தயங்காம சொல்லுங்க" என்பார், வாத்தியார் "சந்தேகம் இருந்தா தயங்காம கேளு" என்பார், அரசியல் மேடை என்றால் "எந்தத் தியாகத்துக்கும் தயங்க மாட்டோம்!" தயக்கம் நமக்கே வந்துவிட்டால் மட்டும் அந்தச் சொல் லேசில் வாயில் வராது. "ஒரு மாதிரி இருக்கு", "யோசனையா இருக்கு" என்று வேறு பக்கம் போய்விடுவோம்.

(திரையில்: தயக்கம் × மனசில்லை)

செய்யலாமா வேண்டாமா என்று முடிவுக்கு வராமல் நிற்பதுதான் தயக்கம். நண்பனிடம் கடன் கேட்க வேண்டும், பணமும் அவசரம், போனை எடுக்கிறீர்கள், பேரைத் தேடுகிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். இது தயக்கம். அதே நண்பன் ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பாமல் மறுபடியும் வந்து கேட்கிறான், உங்களுக்குக் கொடுக்க மனசில்லை. அதை "கொஞ்சம் தயக்கமா இருக்குப்பா" என்று சொன்னால் அது நாகரிகம், உண்மை இல்லை.

கூச்சம் வேறு. விருந்துக்கு வந்தவரிடம் "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றுதான் சொல்வோம். "தயங்காம சாப்பிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், சாம்பாரில் என்னமோ இருக்கிறது என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கூச்சத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், தயக்கம் தனியறையில் உட்கார்ந்திருந்தாலும் வரும்.

இந்த 'யோசனை' இருக்கிறதே, அதுதான் பெரிய ஆள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் "வீட்டில கொஞ்சம் யோசிக்கிறாங்க" என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் யாரும் அங்கே யோசித்துக்கொண்டிருக்கவில்லை, பதில் வந்தாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

(திரையில்: 'தயங்குகிறது', 'தயக்கம் காட்டுகிறது')

செய்தித்தாளுக்கு வருவோம். "சிறு தொழில்களுக்குக் கடன் தர வங்கிகள் தயக்கம் காட்டுகின்றன" என்று எழுதும்போது லேசாக ஒரு குற்றச்சாட்டு ஏறிவிடுகிறது: முடியும், ஆனாலும் செய்யவில்லை. கொரோனா காலத்தில் அடிக்கடி காதில் விழுந்த 'தடுப்பூசித் தயக்கம்' இன்னும் ஒரு படி மேல். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பத்து சுகாதார அச்சுறுத்தல்களின் பட்டியலிலேயே அது இருந்தது. அங்கே ஊசி கிடைத்தும் தள்ளிப்போடுகிறவரும் 'தயக்கம்'தான், வேண்டவே வேண்டாம் என்று மறுக்கிறவரும் 'தயக்கம்'தான். நம் பேச்சு வழக்கில் இரண்டாவது ஆளைத் தயங்குகிறவர் என்று சொல்லவே மாட்டோம், அதனால்தான் அந்தக் கலைச்சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

சரி, இலக்கணம். மயங்கு–மயக்கம், கலங்கு–கலக்கம் போலத்தான் தயங்கு–தயக்கம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒருவரை மயக்கலாம், கலக்கலாம். 'தயக்கலாம்' என்று இன்று யாரும் சொல்வதில்லை, "தயங்க வைத்தது" என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். பழைய தமிழில் தயங்குதல் என்றால் அசைதல், சங்கப் பாட்டில் கடலலை 'தயங்கு திரை'. ஒரு காலை முன்னே வைத்து மறுகாலைப் பின்னே இழுக்கிறவரைப் பார்த்தால் அந்தப் பொருள் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கடைசியாக, எழுதும்போது பலர் விடுகிற ஒற்று. 'கேட்க தயங்கினேன்' என்று எழுதாதீர்கள். 'கேட்கத் தயங்கினேன்', 'சொல்லத் தயங்கினாள்', 'எனக்குத் தயக்கமாக இருக்கிறது'. 'தயங்க மாட்டோம்' என்பதில் ஒற்று வராது, பின்னால் வருவது வல்லினம் இல்லை. அதனால் மேடைக்காரர்களின் போஸ்டரில் அந்த இடத்தில் மட்டும் பிழைக்கு வழியில்லை.