முதலில் வீட்டைப் பாருங்கள் – ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா, வணக்கம். அவைக்கு வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகும் இளைஞர்கள் எந்த நாடு, எந்த ஊர் என்று முடிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது வேலையா, வீடா? இதுதான் தலைப்பு. எங்கள் அணி வீடு என்கிறது. எதிரணியினர் வேலை என்றார்கள். சம்பளம், பதவி உயர்வு, நிரந்தரக் குடியுரிமை என்று அழகாக அடுக்கினார்கள். நான் அடுக்கப் போவதில்லை. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்குத் தம்பி மாதிரி அவன். இயந்திர வடிவமைப்பு படித்தவன். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலை கிடைத்தது. எதிரணி கேட்ட எல்லாமே அந்த வேலைக் கடிதத்தில் இருந்தது. வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. இவனும் கேட்கவில்லை. சம்பளம் இருந்தால் வீடு தானாக வரும் என்று நினைத்துவிட்டான். ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான நகரம் மியூனிக் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

வீடு பார்க்கப் போனால் நான்காவது மாடியிலிருந்து வாசல் வரைக்கும் படிக்கட்டில் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு. சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் கொடுத்த கடிதம், அப்புறம் ஷூஃபா என்று ஒரு சான்று. அந்த நாட்டில் வாங்கிய கடனை, கட்ட வேண்டிய பில்லையெல்லாம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்று சொல்லும் காகிதம் அது. நேற்று வந்து இறங்கியவனிடம் அது எப்படி இருக்கும்? நான்கு மாதம், வேறொருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையில் உள்வாடகைக்கு இருந்துகொண்டு, வாராவாரம் வரிசையில் நின்றான். ஐந்தாவது மாதம் ஒரு வீடு கிடைத்தது.

சாவியை வாங்கிக்கொண்டு ஓடுகிறான். கதவைத் திறக்கிறான். அறை இருக்கிறது, சந்தோஷம். குளியலறை இருக்கிறது, சந்தோஷம். சமையலறைக் கதவைத் திறக்கிறான். சுவரில் துணி சுற்றி அடைத்த இரண்டு குழாய் முனைகள். தரையில் அடுப்பு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு கறை. பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை. அலமாரி இல்லை. அடுப்பு இல்லை. வெளிச்சம் போடலாம் என்று மேலே பார்த்தால் விளக்கும் இல்லை. இரண்டு ஒயர் தொங்குகிறது.

பதறிப்போய் வீட்டுக்காரருக்கு போன் போடுகிறான்.

"ஐயா, திருட்டுப் போயிருக்கிறது!"

"என்ன போயிருக்கிறது?"

"சமையலறை!"

அந்த மனிதர் கொஞ்சமும் பதறவில்லை. "ஆமாம், முன்பு குடியிருந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்."

"போலீசுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

"எதற்கு? அது அவருடைய சமையலறை."

பின்வரிசையில் சிலருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பச் சொல்கிறேன். செருப்பை எடுத்துக்கொண்டு போனார் என்றால் புரிகிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார் என்றாலும் புரிகிறது. சமையலறையை எடுத்துக்கொண்டு போனார்! நம் பையன் அந்தக் காலி அறையின் நடுவில் நின்றுகொண்டு, போன் வெளிச்சத்தில் அந்த இரண்டு குழாய்களையும் பார்க்கிறான். குழாய்கள் அவனைப் பார்க்கின்றன.

இது ஏமாற்று வேலை இல்லை, ஐயா. அங்கே இது வழக்கம். பல வாடகை வீடுகளில் சமையலறை வெறும் அறையாகத்தான் இருக்கும். குடிவருபவர் சொந்தமாக வாங்கிப் பொருத்த வேண்டும். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். வாடகையிலும் இரண்டு உண்டு. ஒன்று குளிர் வாடகை, இன்னொன்று சூட்டு வாடகை. வெறும் வீட்டுக்கு மட்டும் கொடுப்பது குளிர் வாடகை. வீட்டைச் சூடாக்குவது முதல் குப்பை அள்ளுவது வரை சேர்த்துக் கொடுப்பது சூட்டு வாடகை. முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகை வரை வாங்கிக்கொள்ள சட்டமே இடம் தருகிறது. அதைக் கட்டிய கையில் சமையலறை வாங்கக் காசு ஏது? ஒற்றை மின் அடுப்பை ஜன்னல் ஓரத்தில் வைத்துச் சமைத்தான். பாத்திரத்தைக் குளியலறையில் கழுவினான்.

சிரித்துவிட்டோம், சரி. ஆனால் அதற்கு முந்தைய நான்கு மாதம் சிரிக்கிற மாதிரி இல்லை. அந்த நாட்டில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். உள்வாடகைக்கு விட்டவர் இன்று, நாளை என்று ஒரு மாதம் இழுத்துத்தான் எழுதித் தந்தார். பதிந்த பிறகுதான் வரி எண், அதுவும் தபாலில் அந்த முகவரிக்கு வரும். அது வரும் வரை சம்பளத்தில் அதிக வரி பிடிப்பார்கள். சரி, பதிந்தாயிற்று. கடிதம் வந்ததா? அங்கே கட்டடத்துக்குத்தான் எண். வீட்டுக்கு வீடு எண் போடுவது அபூர்வம். தபால்காரர் வாசலில் அழைப்பு மணிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். மணியில் இவன் பெயரை ஒட்ட அந்த வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கடிதம் திரும்பிப் போனது.

எதிரணிக்கு இதைத்தான் சொல்கிறேன். வேலை கிடைத்தது. அந்த வேலையின் சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதற்கே வீடு வேண்டியிருந்தது.

இப்போது எதிரணித் தலைவரிடம் வருகிறேன். என்னைப் பார்த்து ஒரு போடு போட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். "வீடுதான் முதலில் என்றால் ஜப்பானுக்குப் போங்களேன்! அங்கே 90 லட்சம் வீடு காலியாகக் கிடக்கிறது. ஆளுக்கொரு வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருங்கள், சம்பளம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும்!" என்றார்.

ஐயா, எண்ணிக்கை சரிதான். 2023-இல் ஜப்பான் அரசு எடுத்த கணக்கில் சுமார் 90 லட்சம் வீடு காலி. ஏறக்குறைய ஏழு வீட்டுக்கு ஒன்று. அதில் பாதிக்குமேல் வாடகைக்கோ விற்பனைக்கோ காத்திருக்கும் வீடுகள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. மிச்சத்தில்தான் நீங்கள் சொல்லும் பூட்டிய வீடுகள் வருகின்றன. பிள்ளைகள் நகரத்துக்குப் போய், பெரியவர்கள் காலமாகி, கேட்பாரற்றுக் கிடக்கும் கிராமத்து வீடுகள். அப்படி ஒன்றை வெளிநாட்டவர் விலைக்கு வாங்கலாம், தடை இல்லை. ஆனால் வீடு வாங்கியதற்காக விசா கொடுக்க மாட்டார்கள். வீட்டுக் கதவு திறக்கும், நாட்டுக் கதவு திறக்காது. அந்த வீட்டை எந்த இளைஞருக்கும் நாங்கள் சிபாரிசு செய்யவில்லை.

நீங்கள் ஜப்பானுக்குப் போன வேகத்தில் டோக்கியோவைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கொஞ்சம் இறங்கிப் பார்த்திருக்கலாம். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளெல்லாம் எங்கே போனார்கள்? டோக்கியோவுக்கு. வேலை அங்கேதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை இருக்கிற ஊரெல்லாம் டோக்கியோ ஆகிவிடுமா? லண்டனில் வேலை இல்லையா? சான் பிரான்சிஸ்கோவில் இல்லையா? அங்கேயெல்லாம் வாடகை இளைஞரின் கழுத்தை நெரிக்கிறது. டோக்கியோ மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புது வீடுகளைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சமீப காலம் வரைக்கும் பல ஆண்டுகளாக அங்கே வாடகை பெரிதாக ஏறவில்லை. அறை சின்னதுதான். பல இடங்களில் வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒரு மாத வாடகை கொடுக்க வேண்டும், திரும்ப வராது. உத்தரவாதம் தருகிற நிறுவனத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இருந்தாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை தனியாக ஒரு கதவைப் பூட்டிக்கொண்டு தூங்க முடிகிறது. எலி வளையானாலும் தனி வளை. நீங்கள் எங்களைக் கேலி செய்ய ஜப்பானை எடுத்தீர்கள், ஐயா. நீங்கள் எடுத்த நாடே எங்கள் பக்கம்தான் பேசுகிறது!

நன்றி, நன்றி. கை தட்டலை அவருக்கும் கொஞ்சம் கொடுங்கள், உதாரணம் அவர் கொடுத்தது.

வாடகை போக மிஞ்சுவதைத்தான் நான் சம்பளம் என்பேன். நாடுகளே அப்படித்தான் கணக்குப் போடுகின்றன. கனடாவுக்குப் படிக்கப் போகும் ஒருவர் வாழ்க்கைச் செலவுக்குக் கையில் காட்ட வேண்டிய தொகை, சுமார் 20 ஆண்டுகள் 10,000 டாலராகவே இருந்தது. 2024 ஜனவரி முதல் தேதி அதை 20,635 டாலராக உயர்த்தினார்கள். அதே மாதம் புதிய மாணவர் அனுமதிகளுக்கு உச்ச வரம்பும் அறிவித்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, வீடு போதவில்லை என்பது. 2023 தொடக்கத்திலிருந்தே, சில விலக்குகள் போக, வெளிநாட்டவர் வீடு வாங்க அங்கே தடை. ஆஸ்திரேலியாவிலும் 2025 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே கட்டிய வீட்டை வெளிநாட்டவர் வாங்க முடியாது, அங்கும் விலக்குகள் உண்டு. வீட்டுக்காக நாடே கதவைச் சாத்தும்போது, போகிறவர் வீட்டைப் பற்றி யோசிக்காமல் போகலாமா?

ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னாவைப் பாருங்கள். 1920-களிலேயே மாநகராட்சி வீடு கட்ட ஆரம்பித்தது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற ஒரே குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இன்றும் நகர மக்களில் பாதிப்பேர் மாநகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள். புதிதாகப் போகிறவருக்கு மாநகராட்சி வீடு உடனே கிடைக்காது, மற்ற நிபந்தனைகளோடு ஒரே முகவரியில் இரண்டு ஆண்டு பதிவும் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் முதல் நாளே பதிவு செய்வார். தெரியாதவர் ஆறு மாதத்துக்கு ஓர் அறை மாறுவார். சிங்கப்பூரில் வசிப்போரில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அரசு கட்டிய அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். வேலை அனுமதியில் போகிறவர் அதை வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்கலாம். இதையெல்லாம் விசா வாங்கும் முன் கேட்க வேண்டும்.

நடுவர் ஐயாவின் கை மணிப் பக்கம் போகிறது. அடிக்காதீர்கள் ஐயா, நான் இனிச் சொல்ல வந்ததே ஒரு மணியைப் பற்றித்தான்.

அந்தப் பையனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவன் அம்மா தினமும் வீடியோவில் பேசுவார். புது வீட்டைக் காட்டு என்றார். அறையைக் காட்டினான். அடுப்படியைக் காட்டு என்றார். நெட் சரியில்லை என்றான். மறுநாளும் கேட்டார். அப்புறம் அவன் என்ன செய்தான் தெரியுமா? ராத்திரி ஏழு மணிக்கு, எல்லோரும் போன பிறகு, அலுவலகத்தில் தேநீர் போடுகிற இடத்திலிருந்து பேசினான். "இதுதான் அம்மா நம் அடுப்படி." அலமாரி, தொட்டி, பளபளவென்று எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "ஒற்றை ஆளுக்கு ஏன்டா இத்தனை கப்பு?"

அவன் பதில் சொல்லவில்லை. அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. "சாப்பிட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டார். அப்புறம் அடுப்படியைக் காட்டு என்று அவர் கேட்கவே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை என்றான். பொய் சொன்னதை அம்மா கண்டுபிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிட்டு எனக்காகப் பேசாமல் இருந்தாரே என்றான்.

அடுத்த தடவை அவன் வேலை தேடியபோது வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாடகையிலிருந்து தேடினான். ஜெர்மனியிலேயே லைப்சிக் நகரத்தில் கிடைத்தது. சம்பளம் குறைவு. வாடகை அதைவிடக் குறைவு. முன்பு இருந்தவரிடமிருந்து சமையலறையையும் பேரம் பேசி வாங்கிக்கொண்டான். குடிபோன அன்று அம்மாவுக்கு வீடியோ போட்டான். அடுப்படியைக் காட்டினான். இரண்டு கப்பு இருந்தது. ஆனால் அம்மா எண்ணவில்லை.

"இன்னொன்று காட்ட வேண்டும் அம்மா" என்று போனைக் கையில் பிடித்தபடி மூன்று மாடி இறங்கினான். வாசலுக்கு வெளியே போய், அழைப்பு மணிப் பலகைக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனான். அங்கே மணியில் குடும்பப் பெயரைத்தான் எழுதுவார்கள். அவன் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருந்தது அவன் அப்பாவின் பெயர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஆயுள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனவர். எந்த வாசலிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து சரளமாக வராது. போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தார். கடைசி எழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு, "அந்த மணியை ஒரு தடவை அமுக்குடா, கேட்கிறேன்" என்றார்.