கண் பழகிய நிறமும் கண் காணாத நிறமும்

நேயர்களுக்கு வணக்கம். படமே இல்லாத ஊடகத்தில் அமர்ந்துகொண்டு திரைப்படத்தின் நிறத்தைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். ஆயினும், நான் சொல்லும் காட்சிகளுக்கு உங்கள் மனமே வண்ணம் தீட்டிக்கொள்ளும் என்ற துணிவில் தொடங்குகிறேன்.

சிவப்பு என்றால் சினம், நீலம் என்றால் சோகம், பச்சை என்றால் பொறாமை என்றொரு பட்டியல் திரைப்படம் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. எனக்கு அந்தப் பட்டியலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு படத்தில் காதலாக வந்த சிவப்பே இன்னொரு படத்தில் கொலையாக வருகிறது. அதுவரை எந்த நிறத்துக்கு நம் கண் பழகியிருந்தது, அதிலிருந்து படம் எந்த நொடியில், எவ்வளவு தூரம் விலகியது என்பதைப் பொறுத்தே நம் உணர்ச்சி அமைகிறது என்பது என் கருத்து.

1939இல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் கதவுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அதுவரை பழுப்பு நிறத்திலேயே ஓடிக்கொண்டிருந்த படத்தில், சூறாவளி தூக்கிவந்து போட்ட வீட்டின் கதவைச் சிறுமி டோரத்தி திறக்கிறாள். வெளியே முழு வண்ணத்தில் ஓர் உலகம் விரிகிறது. அந்தக் காட்சியை வண்ணப் படச்சுருளில்தான் எடுத்தார்கள். வீட்டின் உட்புறத்துக்குப் பழுப்புச் சாயம் பூசி, பழுப்பு உடை அணிந்த மாற்று நடிகை ஒருவரைக் கதவைத் திறக்கச் செய்தார்கள்; அவர் ஒதுங்கிக்கொள்ள, டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்ட் நீல உடையில் வெளியே நடந்தார். ஏறத்தாழ இருபது நிமிடம் நம்மை வறண்ட பழுப்பில் வைத்திருக்காவிட்டால் அந்தப் பச்சையும் மஞ்சளும் வெறும் அலங்காரமாகவே நின்றிருக்கும். மூலக் கதையில் வெள்ளியாக இருந்த காலணிகள் படத்தில் மாணிக்கச் சிவப்பானதும் வண்ணப் படச்சுருளுக்காகத்தான்.

பழக்கத்துக்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. மௌனப்பட நாள்களில் பகலில் எடுத்த காட்சியை நீலச் சாயத்தில் தோய்த்தால் அது இரவாகிவிடும். நிலவொளியோ சூரிய ஒளியின் எதிரொளிப்புதான். அது சூரிய ஒளியைவிட நீலமானது அல்ல. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுவிடுகிறது, நீலம் சற்று நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது உண்மை. அந்த மெல்லிய உண்மையின்மேல் திரைப்படம் ஒரு மரபையே கட்டிவிட்டது; இன்றும் நீல இரவைக் கண்டால் நமக்குக் குளிர்கிறது.

நிறத்தைக் கூட்டுவதுபோலவே குறைப்பதும் வேலை செய்யும். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி, 1964இல் வெளியான தம் முதல் வண்ணப் படத்தில், தள்ளுவண்டியில் இருந்த பழங்களுக்குக்கூடச் சாம்பல் நிறம் பூசினார். நிறமிழந்த பழத்தைப் பார்க்கும் கண், நாயகியின் மனம் எதிலும் ஒட்டாமல் நிற்பதை ஒரு வசனமும் இல்லாமல் உணர்ந்துகொள்கிறது.

இன்று அந்தத் தூரிகை, டி.ஐ. என்று திரைத்துறையினர் சொல்லும் கணினி வண்ணத் திருத்தத்துக்குக் கைமாறிவிட்டது. 2000இல் வெளியான, அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களின் ஒரு படத்துக்காக, ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் பசுமையான கோடைக்கால மரங்களையெல்லாம் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். வசதி பெருகியதும் எல்லாப் படங்களும் ஒரே நீலத்திலும் ஆரஞ்சிலும் மிதக்கத் தொடங்கியது தனி வருத்தம்.

ஆனால் இந்த வண்ணத் திருத்தத்தைச் செய்யும் கலரிஸ்டின் கை ஓரிடத்தில் தயங்கும். நிழல்களில் கொஞ்சம் பச்சையைக் கலந்தால் அறை முழுவதும் இனம்புரியாத ஓர் அச்சம் படர்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. அதே பச்சை கன்னத்தில் ஏறிவிட்டாலோ, அச்சம் போய், 'இவருக்கு உடம்பு சரியில்லையோ' என்று தோன்றிவிடும். நாம் வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய நிறம் மனிதத் தோலின் நிறம் அல்லவா? அதனால்தான் அவர் சுவரையும் திரைச்சீலையையும் தம் விருப்பப்படி மாற்றிவிட்டு, முகத்தை மட்டும் தனியே பிரித்துக் காப்பாற்றுகிறார்.

நன்றி, வணக்கம்.